எனக்கில்லீங்க, தங்கச்சிக்கு

எனக்கில்லீங்க. தங்கச்சிக்கு. நான் சும்மா கூட வந்தவ. நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிப்போடறேன், இந்த எடத்துல உக்காந்திருந்தா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க சொல்லுங்க. வெளிய 'மனநல மருத்துவர்'னு இத்தாப் பெரிய எழுத்துல போர்டு. எதுத்தாப்புல பேக்கரி. அங்க டீ குடிக்கறவங்க அத்தன பேரும் இங்க யாரு வாராங்க யாரு போறாங்கன்னுதான் பாத்துக்கிட்டு நிக்கறாங்க.

நீங்க யாருக்கு வந்தீங்க? வீட்டுக்காரருக்கா? தூக்கமே வர்றதில்லீங்களா? பாவம். உள்ள போயிருக்கறாரா? வந்துருவாரு. எந்த ஊருங்க உங்களுக்கு? கும்பகோணமா? அதான் பேச்சு வேற மாதிரி இருக்குது. பையனுக்கு ஈரோட்டுல வேலையா? சரி சரி. பேரு என்னன்னு சொன்னீங்க? இன்னும் சொல்லவே இல்லியா? நான் பேசிக்கிட்டே இருந்தா நீங்க எங்க சொல்றது.

என்ற பேரு கோகிலவாணி. கவுந்தப்பாடியில இருக்கறோம். தங்கச்சி பேரு மைதிலி. அவ இங்க ஈரோட்டுலதான், காலேஜுல பாடம் எடுக்கறா. "சித்த உக்காருக்கா, இதா வந்தர்றேன்"னு வண்டிய எடுத்துக்கிட்டுப் போனா. எங்க போறேன்னு ஒரு வார்த்த சொல்லோணுமில்ல? டாக்டரப் பாக்க வேண்டியவ ஊரச் சுத்தறா, உக்காந்திருக்கறவ நானு. இப்படித்தானுங்க அவ.

நான் நேத்தே ஒருக்கா வந்துபோட்டேன். ஆமாங்க, நேத்தே. வியாழக்கெழமைன்னு சொல்லியிருந்தா. நான் நேத்துதான் வியாழன்னு நெனச்சுக்கிட்டு பஸ் ஏறி வந்து, அந்தா மேசைக்குப் பின்னாடி உக்காந்திருக்குதே அந்தப் பொண்ணு, அதுகிட்ட மைதிலின்னேன். அப்படி ஒரு பேரே இல்லீங்களேன்னுது. எனக்கு வந்துதே கோவம்! ஒரு பேர ஒழுங்கா எழுதத் தெரியாதா, நீயெல்லாம் எதுக்கு இங்க உக்காந்திருக்கறேன்னு சத்தம் போட்டுட்டு, வெளிய வந்து அவளுக்குப் போனு பண்ணினா, "அக்கா, அது நாளைக்கு"ங்கறா. சிரிக்கறா வேற. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னை நானே திட்டிக்கிட்டே போனேன். கூறு கெட்டவளே, தண்டம், ஒரு கெழமை தெரியுதா உனக்குன்னு. முன்னாடி போன பொம்பள வெடுக்குன்னு திரும்பி மொறைச்சா. உங்களை இல்லீங்க, என்னையத்தான்னேன்.

என்ற செல்போனு எங்க? இங்கதானே வெச்சேன். சித்த எந்திரிங்க, உங்க அடியில இருக்குதான்னு... என்ற மடியிலயே இருக்குதா! பாருங்க என்ற லட்சணத்த. தண்டம், தண்டம். உங்களை இல்லீங்க.

என்ன வியாதின்னு கேட்டீங்க இல்ல? கேக்கலியா? கேக்காட்டியும் சொல்றேன். ஏ.டி.எச்.டி.யாமா. கவனம் ஒரு எடத்துல நிக்காதாமா. ஆரம்பிச்ச வேலைய முடிக்க மாட்டாங்களாமா. வெச்ச எடம் மறந்து போகுமாமா. ஒருத்தரு பேசறப்ப குறுக்க பூந்து... நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களா? இல்லியா? சரி. குறுக்க பூந்து பேசுவாங்களாமா. உக்காந்தா காலு ஆடிக்கிட்டே இருக்குமாமா. கொழந்தைகளுக்கு மட்டுந்தான்னு நெனச்சிருந்தாங்களாமா, பெரியவங்களுக்கும் இருக்குமாமா. அதுவும் பொம்பளைகளுக்கு இருந்தா யாரும் கண்டுபிடிக்கறதே இல்லியாமா.

ஏனுங்க, இதெல்லாம் ஒரு வியாதியா? இது எல்லாத்துக்கும் இருக்கறதுதானே! எனக்கும்தான் இருக்குது. நான் என்ன டாக்டர் வீட்டுக்கா ஓடறேன்? என்ற காலு ஆடறது உங்களுக்கு எடஞ்சலா இருக்குதா? பெஞ்சே ஆடுதா? சொல்லியிருக்கலாமில்ல, நிறுத்தியிருப்பேன்.

நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பள்ளிக்கூடம் போனோம். ஒண்ணாத்தான் டிபன் டப்பாவத் தொலைச்சோம். கொடையத் தொலைச்சோம், செருப்பத் தொலைச்சோம், ஒரு தடவ வீட்டுல கட்டியிருந்த கன்னுக்குட்டியவே அவுத்துட்டுத் தொலைச்சோம். எங்கம்மா ஒரே குச்சியில ரெண்டு பேருக்கும் குடுத்தா. அவளுக்கு ஒண்ணுன்னா எனக்கு ரெண்டு, நான் பெரியவளாச்சே. அது வரைக்கும் ஞாயந்தான். இப்பப் பாருங்க, போன ஐப்பசியில அவ இந்த டாக்டரம்மாகிட்ட வந்தா. இந்தம்மா பரிசோதன பண்ணிட்டு, "உங்க மூளை பொறக்கறப்பவே இப்படித்தான். இது சோம்பேறித்தனமில்ல, திமிருமில்ல"ன்னு சொல்லியனுப்பிச்சுது. அன்னையில இருந்து அவ ராணி. அவ எதைத் தொலைச்சாலும் எங்கம்மா, "பாவம் சாமி, அவ என்ன வேணும்னா பண்றா?"ங்கறா. அந்தக் குச்சிய வெச்சிருந்த அதே அம்மா! என்னைய ஒரு நாளு சாமின்னு கூப்பிட்டிருப்பாளா?

வயிறெரியுதுங்க எனக்கு. ஒளிச்சு வெச்சு என்ன பண்றது? நீங்க நாளைக்கு யாரோ நான் யாரோ, அதான் சொல்றேன். எனக்கு வயிறெரியுது.

அவ மாத்திரை சாப்பிடறா, அது போகட்டும். இன்னொண்ணு சொல்லிக் குடுத்திருக்கறாங்க, அதத்தான் என்னால தாங்க முடியலை. தன்னைத்தானே கொஞ்சிக்கறதுங்க! ஒரு நாளு அவ வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்புல பால வெச்சுட்டு செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டா. பாலு பொங்கி அடுப்பெல்லாம் ஓடி, ஒரே கருகின வாசம். ஓடி வந்தா. நானா இருந்தா அந்தக் கரண்டியாலயே என்ற மண்டையில ஒண்ணு போட்டிருப்பேன். இவ என்ன பண்றா தெரியுங்களா? கேஸ நிறுத்திட்டு, நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டு, "போச்சாது கண்ணு, போச்சாது. தொடச்சுக்கலாம்"ங்கறா. போச்சாதுன்னா உங்க ஊருல பரவால்ல, போனாப் போகுதுங்கறீங்களே, அது. யாரு கண்ணுங்கறீங்க? அவளேதான். அவளுக்கு அவளே கண்ணு! எனக்கு சிரிப்பு வரலை, அழுகையும் வரலை, பத்திக்கிட்டு வந்துது. என்னடி இது கூத்துன்னு கேட்டேன்.

"டாக்டர் சொன்னாங்கக்கா. உங்க பையன் பாலப் பொங்க விட்டா அவனுக்கு என்ன சொல்லுவீங்களோ, அதையே உங்களுக்கும் சொல்லிக்கங்கன்னாங்க"ங்கறா.

என்ற மக பாலப் பொங்க விட்டா நான் சொல்றது தெருமொனை வரைக்கும் கேக்கும். அதையேதான் நான் எனக்கும் சொல்லிக்கறேன். அப்ப நான் அந்தம்மா சொன்னபடிதானே நடக்கறேன்? எனக்கெதுக்கு டாக்டரு!

இன்னொண்ணு கேளுங்க. பொழுது சாஞ்சு சாப்பிட உக்காந்தா, அன்னிக்கு நல்லபடியாப் போனது எதுன்னு ஆளாளுக்குச் சொல்லோணுமாமா. அவ வீட்டுல இது ஒரு சட்டம். "இன்னிக்கு வண்டிச் சாவிய வெச்ச எடத்துலயே எடுத்தேன்"னு இவ சொல்லுவா. அவ வீட்டுக்காரரும் பையனும் கை தட்டுவாங்க. சாவிய எடுத்ததுக்குக் கைதட்டு! நானும்தான் தெனமும் சாவிய எடுக்கறேன். கெடைக்கறப்ப எடுக்கறேன். யாரு எனக்குக் கை தட்டினா?

கல்யாணத்த சொல்ல வந்தேன். எங்க விட்டேன்? இன்னும் ஆரம்பிக்கவே இல்லியா? சரி, கேளுங்க.

எங்களுக்கு ஒரே தம்பி, பூபதி. போன தையில அவனுக்குக் கல்யாணம், பெருந்துறையில. எங்க பக்கம் கல்யாணத்துல இணைச்சீருன்னு ஒண்ணு உண்டுங்க, உங்க பக்கம் இருக்குமான்னு தெரியலை. முகூர்த்தத்துக்கு முன்னாடி, பொண்ணு கட்டப் போற கூறைச்சேலைய வெச்சு, மாப்பிள்ளையோட அக்காவோ தங்கச்சியோ அவன் பக்கத்துல நின்னு செய்யற சீரு. அதைச் செய்யறவளுக்கு அன்னைக்கு மண்டபத்துல தனி மரியாத. நான் பெரியவ. நான்தான் செய்யோணும். யாரு செஞ்சா தெரியுங்களா? மைதிலி!

எங்கம்மா என்னைக் கேக்கலியான்னு கேக்கறீங்க. கேட்டா. கேக்காம இல்ல. "கோகிலா, நீ நின்னு செய்யி"ன்னா. நான், "நான் தொட்டது எது உருப்பட்டுது? அவளையே செய்யச் சொல்லு"ன்னேன். ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானுங்களே? ரெண்டாந்தடவ கேக்க வேண்டாமா? மூணாந்தடவ கேட்டிருந்தா சரின்னிருப்பேன். "சரி, உன்ற இஷ்டம்"னு போயி அவகிட்ட சொல்லிப்போட்டா. அவளாவது, அக்கா இருக்கறப்ப நான் எதுக்குன்னு சொல்லியிருக்கலாம். சொன்னாதான். எனக்குப் போனு போட்டு, "நெசமாவே வேண்டாமாக்கா? எனக்குப் பயமா இருக்குது, நீயே நில்லு"ன்னு சொன்னா. நான், "போடி, எல்லாரும் உன்னையத்தான் தலையில தூக்கி வெச்சிருக்கறாங்க, நீயே செய்யி"ன்னு வெச்சுட்டேன். ரோசம் இருக்காதுங்களா?

கூறைச்சேலைய அவ வீட்டுலதான் வெச்சிருந்தாங்க. மறக்கக் கூடாதுன்னு அவ அதைத் தனியா ஒரு பையில போட்டு, மத்த பையோட கலக்காம, கதவுக்குப் பின்னாடி மாட்டி வெச்சா. தனியா வெச்சது தனியாவே இருந்துருச்சு! எல்லாப் பையும் மண்டபத்துக்கு வந்துது, கூறைச்சேலை வரலை. விடியக்காலம், மேளம் ஆரம்பிச்சாச்சு, அருமைக்காரரு, அதான் எங்க கல்யாணத்த நடத்தி வெக்கற பெரியவரு, வந்து உக்காந்து சேலை எங்க அம்மிணின்னு கேக்கறாரு. இவ மொகம் வெளுத்துப் போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள, மறைக்காம சொல்றேன், பாலு வாத்த மாதிரி இருந்துது. இப்பப் பாக்கறேன்டி உன்ற 'போச்சாது கண்ணு'வன்னு நெனச்சேன்.

அவ அப்பவும் அதத்தான் சொன்னா! கண்ணுல தண்ணி நிக்குது, நெஞ்சுல கை. "போச்சாது கண்ணு. மறந்துட்டேன். சரி. இப்ப என்ன பண்ணலாம்"னு எல்லாத்தையும் பாத்துக் கேட்டா. ஒருத்தரும் திட்டலை. ஒருத்தரும்! எங்கம்மா தண்ணி கொண்டாந்து குடுக்கறா. பொண்ணு வீட்டுக்காரங்க, இன்னும் நேரமிருக்குது, பதறாதீங்கங்கறாங்க. எங்க சித்தப்பா மகளுக்குக் கல்யாணத்தப்ப நான் ஆரத்தித் தட்ட வீட்டுலயே வெச்சுட்டு வந்ததுக்கு இன்னி வரைக்கும் பேசறாங்க. யாரு பேசறாங்கன்னா... யாரோ பேசுவாங்க. நான் பேசறேன். நான் மறந்தாத்தானே.

அப்பறம் சேலை எப்படி வந்துதுன்னா, அது பெரிய கதையில்ல. எல்லாரும் காருல போயி எடுத்தா போக வர இத்தன நேரமாகும்னு கணக்குப் போட்டுக்கிட்டு நின்னாங்க. எனக்கு என்னமோ பளிச்சுன்னு தோணுச்சு. அவ பக்கத்து வீட்டுக்காரியோட நெம்பரு எங்கிட்ட இருந்துது. அவகிட்டத்தான் இன்னொரு சாவி இருக்கும். எழுப்பி, கதவத் தெறக்கச் சொல்லி, சேலைய எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு ஓடுன்னேன். மொத பஸ்ஸு அவ வீட்டு முன்னாடிதான் பெருந்துறைக்கு வரும். டிரைவர் கையில குடுத்துடு, நான் இங்க வாங்கிக்கறேன்னேன். குடுத்துட்டா. நான் மண்டபத்துல இருந்து பட்டுச்சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு ரோட்டுக்கு ஓடி, நடுரோட்டுல நின்னு ரெண்டு கையையும் விரிச்சு பஸ்ஸ நிறுத்தினேன். அந்த டிரைவரு என்னைய அடிக்காத குறை. சேலைய வாங்கியாந்து குடுத்தேன். சீரு நேரத்துக்கு நடந்துது. அவ்வளவுதான்.

இல்லீங்க, இதுல என்ன கெட்டிக்காரத்தனம்? நீங்களும் அவளையாட்டவே சொல்றீங்க. அவ மைக்க வாங்கி, அத்தன ஜனத்துக்கும் முன்னாடி, "எங்கக்கா இல்லீன்னா இந்தக் கல்யாணமே இல்ல"ன்னு சொன்னா. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. எங்கம்மா வாரவங்க போறவங்ககிட்ட எல்லாம், "கோகிலாதான் ஓடிப்போயி வாங்கியாந்தா, கோகிலாதான் ஓடிப்போயி வாங்கியாந்தா"ங்கறா. என்ன அர்த்தம்? சீரு செய்யறதுக்கு ஒருத்தி, ஓடறதுக்கு ஒருத்தின்னுதானே அர்த்தம்? நான் அன்னைக்கு ஓடினதுல செருப்ப ரோட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். போட்டோவுல பாருங்க, எல்லாரும் பட்டும் நகையுமா நிக்கறாங்க, நான் வெறுங்காலோட நிக்கறேன். அந்தப் போட்டோவ எடுத்துப் பாக்கறப்பெல்லாம் என்ற கண்ணுக்கு அந்தக் காலு மட்டுந்தான் தெரியுது. தண்டம், தண்டம்னு சொல்லிக்குவேன்.

கல்யாணங்கூடப் போகட்டும்னு விட்டுருவேனுங்க. இப்ப என்ற மகளையும் எடுத்துக்கிட்டா.

தாரணி. ஒரே பொண்ணு எனக்கு. பதினொண்ணாவது படிக்கறா, சித்தோட்டுல பள்ளிக்கூடம். அவளும் சொல்லி வெச்ச மாதிரி அப்படியேதான். டப்பாவ வெச்சுட்டுப் போவா, கொடைய வெச்சுட்டு வருவா. இந்தப் புரட்டாசியில காலாண்டுப் பரிச்சை. கணக்குப் பரிச்சையில கேள்வித்தாளத் திருப்பியே பாக்கலியாமா. பின்பக்கம் இருந்ததெல்லாம் போச்சு. வந்து அழுதுக்கிட்டே சொல்றா. எனக்கு எப்படி இருக்கும்? சொன்னேன். எல்லா அம்மாளும் சொல்றதுதானுங்க. "நீயும் என்னையாட்டவே தண்டமாத்தான் போவே"ன்னேன். இதுல என்னங்க தப்பு? என்னையச் சேத்துத்தானே சொன்னேன்? அவள மட்டுமா சொன்னேன்?

கண்ணத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சா. லீவுக்குச் சித்தி வீட்டுக்குப் போறேன்னா. போயிட்டு வான்னேன். லீவு முடிஞ்சுது, வரலை. அங்கிருந்தே பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸுல போறாளாமா. போனு பண்ணினா, "சித்தி வீட்டுல ஏதாச்சும் மறந்தா பயமா இருக்கறதில்லம்மா"ங்கறா. அப்ப நான் என்ன பேயா? எங்க வீட்டுக்காரரு, "விடு, நாலு நாளு இருந்துட்டு வரட்டும்"ங்கறாரு. அவருக்கென்ன, வெல்ல மண்டிக்குப் போனாப் பொழுது போயிரும். நான் அவ துணியெல்லாம் மடிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன்.

போன ஞாயித்துக்கெழமை நேராவே போயிட்டேன், கையோட கூட்டியாந்தரலாம்னு. மாடிப்படி ஏறறப்பவே சத்தம் கேட்டுது. சிரிக்கறாங்க. மைதிலி சிரிப்பு எனக்குத் தெரியும். கூட இன்னொரு சிரிப்பு. யாருடா இதுன்னு பாத்தா... என்ற மக. எங்க வீட்டுல அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்லீங்க. பதினாறு வருசமா என்ற கூட இருக்கறா, அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. பெல்ல அடிக்காம அங்கயே நின்னேன். அப்பறம் அடிச்சேன். அடிச்சதும் சிரிப்பு நின்னுபோச்சு.

இருங்க. ஒண்ணுமில்லீங்க. கண்ணுல தூசி. கைக்குட்டை கொண்டாந்தேன், எங்கயோ போட்டுட்டேன். உங்களுதா? வேண்டாங்க, சேலைத் தலைப்பு இருக்குது.

வாடி வீட்டுக்குன்னேன். தீவாளி வருது, நீ இல்லாம எனக்கென்ன தீவாளின்னேன். அவ மைதிலி மொகத்தப் பாத்தா. ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சிருப்பாங்க போல. "சித்தி கூட ஒருக்கா அந்த டாக்டர்கிட்டப் போயிட்டு வாம்மா. அப்பறம் நான் வீட்டுக்கு வாறேன்"னா. அவ்வளவுதானே? சித்திக்குத் துணைக்குப் போகோணும், அதானே? போயிட்டு வந்தா எம்மக வந்துருவா. அதுக்குத்தானுங்க வந்து உக்காந்திருக்கறேன். நேத்தும் வந்தேன், இன்னிக்கும் வந்தேன். நாளைக்கு வரச் சொன்னாலும் வருவேன்.

நீங்க ஏன் என்னைய அப்படிப் பாக்கறீங்க? மொகத்துல ஏதாச்சும் ஒட்டியிருக்குதா?

இந்தா, உங்க வீட்டுக்காரரு வந்துட்டாரு. வணக்கமுங்க. உக்காருங்க, மருந்து குடுக்க நேரமாகும், உக்காருங்க. அடுத்தது மைதிலிதான்னு நெனைக்கறேன். இவளக் காணோமே. கூப்பிடற நேரத்துல ஆளில்லாமப் போனா...

என்னம்மா கூப்பிட்டே? கோகிலவாணியா?

பாத்தீங்களா! பாத்தீங்களா அவ லட்சணத்த! தனக்குச் சீட்டுப் போடறேன்னு என்ற பேரக் குடுத்து வெச்சிருக்கறா. சொன்னேனில்ல, அவளுக்கு மறதின்னு. தன்ற பேரையே மறக்கற அளவுக்கு மறதி! அதான் நேத்து மைதிலின்னு கேட்டா இல்லீன்னுது அந்தப் பொண்ணு. பாவம், அந்தப் பொண்ணை வேற திட்டிப்போட்டேன். ஏம்மா, அது தப்பாக் குடுத்திருக்கறாங்க, மைதிலின்னு மாத்திக்க. சித்த இரு, அவ வந்துருவா. வயசு போட்டிருக்குதா? நாப்பத்தி மூணா? அது... என்ற வயசுதான். அதையும் மாத்திக் குடுத்திருக்கறாளா?

இதா வந்துட்டா. ஏன்டி மைதிலி, எங்க போனே? உன்னையத்தான் கூப்பிடறாங்க, நீ பாட்டுக்கு... அட, தாரணி! கண்ணு, நீ எங்க இங்க? பள்ளிக்கூடம் இல்லியா? மைதிலி, இவளக் கூட்டியாரவா போனே? தாரணி, டீ வேற வாங்கியாந்தியா? பாத்து, பாத்து, அந்தக் கப்பு...

ஐயோ, சுடுதுடி! இல்ல இல்ல, காலுல படலை, சேலையிலதான். யக்கா, உங்க மேல பட்டுதா? இல்லியே?

என்ன சொன்னே இப்ப? தாரணி, உன்னையத்தான் கேக்கறேன். கீழ பாக்காதே. என்ன சொல்லிக்கிட்டே? மறுக்காச் சொல்லு. தண்டமா? யாரச் சொன்னே? உன்னையா?

இல்ல, நான் திட்டலை. திட்டலை சாமி. நீ ஏன் தலையில கொட்டிக்கறே? கைய எடு. கைய எடுன்னு சொல்றேன். அது நான் எனக்குச் சொல்லிக்கறது கண்ணு. அது என்ற வார்த்தை. உனக்கெதுக்கு அது? உனக்கு யாரு அதக் குடுத்தா?

...

மைதிலி, நீ பேசாத. நான் என்ற மககிட்டப் பேசிக்கிட்டு இருக்கறேன். தாரணி, இங்க பாரு. டீதானே? தொவைச்சாப் போயிருது. போச்சாது. போச்சாது கண்ணு.

சிரிக்காதடி மைதிலி. உன்ற வார்த்தைய ஒண்ணும் நான் எடுத்துக்கலை. ஊரு வார்த்தை அது. நீ என்ன வெலைக்கா வாங்கி வெச்சிருக்கறே? யக்கா, பாருங்க, இதுக்கும் இவளுக்கு ஒரு சிரிப்பு. எனக்கு இப்பவும் வயிறெரியுதுங்க இவளப் பாத்தா. எத்தன சுளுவா வருது இவளுக்கு! எனக்கு இந்த ஒரு வார்த்தையச் சொல்ல நாப்பத்தி மூணு வருசமாச்சு.

என்ன தாரணி? சித்தி தப்பாக் குடுக்கலியா? நீயா? பேரு நீ குடுத்ததா? சித்தி போனுல நீயேவா சொன்னே? எங்கம்மா பேரு கோகிலவாணின்னு?

அப்ப இது மைதிலிக்கு இல்ல.

சித்த இரும்மா, கேக்குது. எத்தன தடவ கூப்பிடுவே? அம்மாக்கு ஒடனே எந்திரிக்க வரலை, காலு மரத்துப் போச்சு. கையக் குடு கண்ணு. நீயும் உள்ள வாறியா? வா. நான் மாத்தி மாத்திப் பேசினா நீ எடுத்துச் சொல்லு. யக்கா, என்ற பை இங்கயே இருக்கட்டும், பாத்துக்கங்க. திரும்பி வாரப்ப மறந்துட்டுப் போனேன்னா ஒரு சத்தம் குடுங்க. உங்க பேரக் கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல பாருங்க.

ஆமாம்மா. நாந்தான். கோகிலவாணி நாந்தான். ஆமா, எனக்குத்தான். கொஞ்சம் சத்தமாவே எழுதிக்க, அந்தப் பேக்கரிக்காரங்களுக்குக் கேட்டாலும் கேட்டுட்டுப் போகட்டும். எனக்குத்தான்.